குறைமாதத்தில் குழந்தை பிறந்தால் தாய்ப்பால் ஊறுமா?

30 வாரத்தில் பிறந்த குழந்தை என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறது, மூன்று நாளாகியும் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, இனி ஊறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊறும். என் மகள் 29-வது வாரத்தில் பிறந்தாள். மூன்றாம் நாள் நானும் இப்படித்தான் தவித்தேன்.

முதல் நாள் கையால்தான் பீய்ச்சினேன். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குச் சற்று வெளியே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றுசேர்க்கச் சொன்னார் நர்ஸ். பத்து நிமிஷம் கழித்து மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு துளி திரண்டு நின்றது. அது வழிவதற்குள் சிரிஞ்ச் நுனியால் உறிஞ்சிக்கொண்டார். மொத்தமே 0.3 மில்லி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ அதில் பேரும் நேரமும் எழுதி எடுத்துப்போய், பஞ்சில் தொட்டு மகளின் கன்னத்துக்குள் தடவினார். நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த சீம்பால் அது, ஒரு துளியைக்கூட வீணாக்காதீர்கள்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஹார்மோன் மாறி, சில நாளில் பால் தானாக இறங்கும். குறைமாதப் பிரசவத்தில் இது கொஞ்சம் தாமதமாகலாம். அதற்குப் பிறகு எத்தனை முறை மார்பு காலியாகிறதோ அதைப் பொறுத்துத்தான் சுரக்கும். தேங்கி நின்றால் குறைந்துவிடும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒருசேரச் செய்யக் குழந்தைக்குக் கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை குழந்தையின் வேலையைக் கையும் பம்ப்பும்தான் செய்தாக வேண்டும்.

நான் செய்த தப்பு, ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி என்று பார்த்துப் பார்த்து உடைந்துபோனது. பிறகு மில்லியை விட்டுவிட்டுத் தடவையை எண்ண ஆரம்பித்தேன். 24 மணி நேரத்தில் எட்டுக்குக் குறையக் கூடாது, பத்து வந்தால் நல்லது. அதில் ஒன்று நடுராத்திரிக்குப் பிறகு. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். ஆறாம் நாள் மார்பு கனத்தது. பதினான்காம் நாள் ஒரு நாளைக்கு 550 மில்லி வந்தது. இரண்டு வாரத்தில் 500 மில்லியைத் தாண்டினால் நல்ல நிலைதான்.

மின்சார பம்ப்பில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுங்கள். எடுக்கும்போதே மார்பை நீவிவிடுங்கள், முடிந்ததும் கையால் இன்னும் கொஞ்சம் பீய்ச்சுங்கள். காம்பு உரசி வலித்தால், மார்பில் பொருத்தும் புனலின் அளவு சரியில்லாமல் இருக்கலாம், மாற்றச் சொல்லுங்கள்.

டாக்டர் அனுமதித்த அன்றே கங்காரு முறையில் வெறும் நெஞ்சில் குழந்தையைப் படுக்க வையுங்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை இது. மகளை நெஞ்சில் வைத்திருந்துவிட்டு உடனே பம்ப் செய்தால் எனக்குக் கண்கூடாக அதிகம் வந்தது. முடியாத நாளில் அவள் படுத்திருந்த துணியை மடியில் வைத்துக்கொள்வேன்.

பால் ஊறும் மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள், சில மாத்திரைகள் இதயத் துடிப்பைப் பாதிக்கும். ஐந்தாறு நாளாகியும் மார்பு கனக்கவே இல்லை என்றாலோ, உதிரப்போக்கு அதிகமாக இருந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் இப்படி ஆகலாம். இதற்கிடையில் குழந்தைக்கு வேறு தாய்மார் தானமாகத் தந்த பாலோ பவுடர் பாலோ கொடுத்தால் கலங்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.