மண்டபம் பூட்டிக் கிடந்தா என்னங்க செலவு?

கேள்வி: கொரோனா சமயத்துல ஃபங்ஷனே நடக்கல, அப்ப கரண்ட் இல்ல, ஆள் கூலி இல்ல. அப்புறம் எதுக்கு மண்டபக்காரங்க எல்லாம் இன்னும் நஷ்டம் நஷ்டம்னு சொல்றீங்க? – வாசகர், கரூர்

பதில்: எங்க வீட்டம்மாவும் இதையே தாங்க கேட்டாங்க. 2020 மார்ச் 24 சாயங்காலம் பூட்டுனது, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனின்னு முகூர்த்தம் வரிசையா நிக்கிற நேரம், வருஷத்துக்கே சோறு போடற மாசம் அதுங்க தான். ஆடியும் மார்கழியும் எங்களுக்கு எப்பவும் காத்தாடும், அதையும் கழிச்சுப் பாருங்க என்ன மிஞ்சுதுன்னு.

பூட்டுன மண்டபமும் தின்னும். ஜெனரேட்டரை வாரம் ஒரு தடவையாவது பத்து நிமிஷம் ஓட்டலைன்னா பேட்டரி போயிடும், நான் ஓட்டல, போயிடுச்சு. ஸ்டோர் ரூம்ல ஜமுக்காளம் எல்லாம் பூஞ்சை, மைக் செட் வயரை எலி துண்டு துண்டா கடிச்சு வச்சிருந்துச்சு, போர் மோட்டார் இறுகிப் போச்சு. வாட்ச்மேனுக்கு சம்பளம் நிறுத்த முடியுமா, அவர் குடும்பமே மண்டபத்துக்குப் பின்னாடி தான் இருக்கு. பேங்க் தவணைய 2020 ஆகஸ்ட் வரைக்கும் தள்ளிக் கட்டலாம்னு ரிசர்வ் பேங்க் சொன்னதும் ஏதோ தள்ளுபடின்னே பாதி பேர் நினைச்சோம், வட்டி பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு.

சொத்து வரி இன்னொரு கதை. ரஜினிகாந்தோட கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்துக்கே அரையாண்டு வரி 6.5 லட்சம்னு நோட்டீஸ் வந்து, மார்ச் 24-ல இருந்து யாருக்கும் வாடகைக்கு விடல, அட்வான்ஸ் எல்லாம் திருப்பிக் குடுத்தாச்சுன்னு அவர் ஹைகோர்ட் போனார். என்ன அவசரம்னு கோர்ட் கேட்டதும் மனுவை வாபஸ் வாங்கிட்டு வரியைக் கட்டிட்டார். அவருக்கே அப்படின்னா எங்க ஊர் மண்டபத்துக்கு யார் தள்ளுபடி தருவா சொல்லுங்க.

கேள்வி: 2020 வைகாசில எங்க அண்ணன் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் 40 ஆயிரம் குடுத்திருந்தோம். கடைசில வீட்டு வாசல்லயே தாலி கட்டி முடிச்சுட்டோம். மண்டபத்துல வேற தேதி எடுத்துக்கோங்க, பணம் தர முடியாதுன்னுட்டாங்க. இது நியாயமா சார்? – வாசகி, கும்பகோணம்

பதில்: நியாயம் இல்லம்மா. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 56-வது பிரிவு, செய்யவே முடியாம போன ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது, 65-வது பிரிவு, அப்ப வாங்கினதைத் திருப்பிக் குடுன்னு சொல்லுது. கவர்மெண்டே திறக்கக் கூடாதுன்னு சொன்ன தேதி அது, உங்க மேல என்ன தப்பு? கோர்ட்டுக்குப் போக கால வரம்பு உண்டு, இத்தனை வருஷம் ஆனதால வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, ஆனா ரசீது இருந்தா நேர்ல போய்க் கேக்கறதுக்கு ஒரு வரம்பும் இல்ல.

எங்க பக்கத்து உண்மையும் சொல்லிடறேன். அட்வான்ஸ்னு வாங்குறது எங்க பீரோவுல இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க, அது எப்பவோ பெயிண்ட் அடிச்சதுக்கும் டைனிங் ஹால் டைல்ஸுக்கும் போயிருக்கும். அடுத்த முகூர்த்தத்துக்கு வர்ற பணத்துல இந்த முகூர்த்தத்தை ஓட்டுறது தான் எங்க தொழிலே, கொரோனா வந்ததும் அந்தச் சங்கிலி அறுந்து போச்சு. எங்ககிட்ட பதினோரு பார்ட்டி. நாலு பேர் ஆவணிக்கும் தை மாசத்துக்கும் தேதி மாத்திக்கிட்டாங்க, மத்த ஏழு பேருக்கும் நகையை அடகு வச்சு மூணு தவணைல குடுத்தேன். ஒருத்தர் மட்டும் வாசல்ல வந்து சத்தம் போட்டார், கோபம் வரல எனக்கு, அவர் பொண்ணோட கல்யாணப் பணம்.

கேள்வி: 50 பேர் தான்னு ரூல் இருந்தப்ப எப்படி சமாளிச்சீங்க? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அதை ஏன் கேக்கறீங்க! ஆயிரம் பேர் உக்கார்ற ஹால்ல அம்பது பேரு, கெட்டிமேளம் கெட்டிமேளம்னு ஐயர் சொன்னா அது சுவத்துல பட்டு அவருக்கே திரும்பி வரும். மாப்பிள்ளை வீட்டுக்கு 25 பொண்ணு வீட்டுக்கு 25-னு பிரிச்சா, நாதஸ்வரம், தவில், ஐயர், போட்டோகிராபர் எல்லாம் யார் கணக்குலன்னு பெரிய பஞ்சாயத்து, ஒரு கல்யாணத்துல பொண்ணோட தாய்மாமாவே வாசல்ல கார்லயே உக்காந்து போன்ல லைவ் பாத்தார். 2020 டிசம்பர்ல சென்னைல ஒரு குடும்பம் கல்யாணச் சாப்பாட்டை வாழை இலையோட வீடு வீடா அனுப்பின போட்டோ எல்லா குரூப்லயும் சுத்துச்சே, அதைக் காட்டி எங்களையும் பண்ணச் சொன்னாங்க, ரசம் கொட்டிப் போனதைத் தவிர மத்தது நல்லாத்தான் போச்சு.

கேள்வி: இப்ப பழையபடி ஆகிடுச்சா? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: கூட்டம் வந்துடுச்சும்மா, ஆள் தான் திரும்பல. எங்க சமையல் மாஸ்டர் அந்த ரெண்டு வருஷத்துல இட்லிக் கடை போட்டார், நல்லா ஓடுது, இனிமே விடிய விடிய அடுப்புல நிக்க மாட்டேன்னுட்டார். பந்தி பரிமாறுற பசங்க பாதி பேர் டெலிவரி வேலைக்குப் போயிட்டாங்க. பாத்திர ரூமை இடிச்சு 150 பேருக்கு ஒரு ஏசி மினி ஹால் போட்டேன், வளைகாப்பு, பேர் வைக்கிறது, அறுபதாம் கல்யாணம்னு இன்னிக்கு கடன் கட்டுறது அந்தச் சின்ன ஹால் தான், பெரிய ஹால் வாட்டசாட்டமா நிக்குது அவ்வளவு தான். அட்வான்ஸுக்கு இப்ப தனி அக்கவுண்ட், கல்யாணம் முடியற வரைக்கும் தொடறதில்ல. அரசு உத்தரவால நடக்கலைன்னா முழுப் பணமும் திரும்பன்னு ரசீதுலயே அச்சடிச்சுட்டேன்.

கேள்வி: மொய்யை ஜிபே-ல வாங்குறதும் கொரோனா குடுத்தது தானா? – வாசகர், தேனி

பதில்: 2021 ஜனவரில மதுரைல ஒரு ஜோடி பத்திரிகையிலயே க்யூஆர் கோடு போட்டு பேப்பர்ல எல்லாம் வந்தாங்களே, அதுக்கப்புறம் தான் எங்க பக்கம் எல்லாம் பிடிச்சுது. ஆனா மொய் எழுதறவர் இன்னும் நோட்டோட வந்து உக்கார்றாரு, போன்ல வந்த பணத்தையும் ஸ்கிரீனைப் பாத்து ஊர் பேர் சகிதம் ஒவ்வொண்ணா நோட்டுல ஏத்துறாரு, நாளைக்குத் திருப்பிச் செய்யணும்ல.