வெயில் ஒன்றுதான், காடு ஏன் வேறு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்னையிலும் வெயில், சிங்கப்பூரிலும் வெயில். அங்கே கிண்டிக் காடு முள்ளும் புதருமாக இருக்கிறது. இங்கே புக்கிட் தீமாவில் அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்கள். மழை கூடுதல் என்பதுதான் காரணமா?
– வாசகர், ஈசூன்

பதில்: மழையின் அளவு பாதிக் காரணம்தான். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ., சிங்கப்பூருக்கு 2,100 மி.மீ.க்குச் சற்று மேல். சென்னை மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பொங்கல் கழிந்தால் மாதக்கணக்கில் மண் காயும். இங்கே மழை குறைந்த பிப்ரவரியில்கூட சராசரியாக 100 மி.மீ. பெய்கிறது.

மழைக்காட்டுப் பருவநிலைக்கு அறிவியலாளர் வகுத்த எல்லை, எந்த மாதமும் 60 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது என்பது. ஆகவே ஓர் ஊரின் காட்டைப் புரிந்துகொள்ள ஆண்டு மொத்தத்தை விடுங்கள், 60ஐத் தொடாத மாதங்களை எண்ணுங்கள். அவை கூடக் கூட மரம் குட்டையாகும், இலை சிறுத்துத் தடிக்கும் அல்லது உதிரும், முள் பெருகும். குளிரும் குறுக்கிடும். நீலகிரி உச்சியில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் குளிர்கால இரவுகளில் விழும் உறைபனி திறந்த வெளியில் முளைக்கும் மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. அதனால் சோலை பள்ளத்தாக்குகளில் ஒடுங்கி நிற்க, மேடெல்லாம் புல்.

புக்கிட் தீமாவின் மரங்களைப் பார்த்து மண் வளமானது என்று எண்ணிவிடாதீர்கள். ஓயாத மழை சத்தைக் கரைத்து அடித்துப் போய்விடும். உதிர்ந்த இலை சில மாதங்களில் மட்கியதும், வேர்களும் அவற்றோடு வாழும் பூஞ்சைகளும் சத்தை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. செல்வம் மரத்தில் இருக்கிறது, மண்ணில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் காடழித்து இங்கே காம்பியர் பயிரிட்டார்கள்; வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி தரும் செடி அது. இலையைக் காய்ச்சும் விறகுக்காக மேலும் காடு போனது. ஏறக்குறைய 15, 20 ஆண்டுகளில் மண் ஓய்ந்தது, தோட்டங்களைக் கைவிட்டார்கள், லாலாங் புல் மூடியது. எஞ்சிய காடு எவ்வளவு அரியது என்பதை இந்த வரலாறு தெரிந்தவர்கள் உணர்வார்கள்.

கேள்வி: தொட்டியில் வைத்த ஒட்டு மாமரம் தளதளவென்று தழைக்கிறது, பூக்கவே இல்லை. உரம் போதவில்லையா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: உரத்தை நிறுத்துங்கள், குறிப்பாகத் தழைச்சத்தை. மா, வறண்ட பருவமோ குளிர்ந்த பருவமோ உள்ள நிலத்து மரம். அந்த இடைவெளி வந்தால்தான் தளிர் விடுவதை நிறுத்திப் பூக்கும். இங்கே அது வரும் என்று நம்பியிருக்க முடியாது, நீங்கள்தான் உண்டாக்கித் தரவேண்டும். கிளை நுனிகள் முற்றி நான்கு மாதமாவது ஆகியிருக்கட்டும். பிறகு மழை படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தி, நான்கு முதல் ஆறு வாரம் தண்ணீரைக் குறையுங்கள்: நண்பகலில் இலை லேசாகத் துவண்டால் மட்டும் கொஞ்சம். பிப்ரவரி ஏற்ற மாதம். பூங்கொத்து எட்டிப் பார்த்ததும் வழக்கம்போல் ஊற்றலாம். பூவில் மட்டும் மழை படவிடாதீர்கள், பூஞ்சை தாக்கிக் கருகும்.

கேள்வி: விடியற்காலையில் தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பகலில் சரியாகிவிடுகின்றன. நோயா?
– வாசகர், ஜூரோங்

பதில்: பெரும்பாலும் மூச்சுத் திணறல். ஒரு லிட்டர் நன்னீர் 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5 மட்டுமே. குளிர்நீர் மீனான தங்கமீனுக்கோ சூட்டில் தேவையும் ஏறுகிறது. பாசியும் நீர்ச்செடியும் பகலில் ஆக்சிஜன் தருகின்றன, இரவில் அவையும் அதையே எடுத்துக்கொள்கின்றன. கையிருப்பு அடிமட்டத்தைத் தொடும் நேரம் விடியல். மந்தாரமான நாட்களுக்குப் பிறகு குளங்களில் மீன் சாவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

இரவு முழுவதும் ஏர் பம்ப் ஓடட்டும். நீர்ப்பரப்பு அலைந்துகொண்டே இருக்க வேண்டும். மாலைத் தீனியைப் பாதியாக்குங்கள், மிச்சம் அழுகினால் அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். நீரில் ஐந்தில் ஒரு பங்கை வாரந்தோறும் மாற்றுங்கள். நம் குழாய் நீரில் இருப்பது குளோரமைன் என்னும் கிருமிநாசினி. ஒரு ராத்திரி பிடித்து வைத்தால் போகாது, ஆன்டி-குளோரின் கலந்தே ஊற்றவேண்டும். ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் கழுவாமல் தொட்டி நீரிலேயே பிழியுங்கள். நல்ல பாக்டீரியா பிழைக்கும். ஐஸ் கட்டி போடவே வேண்டாம், திடீர்க் குளிர் மீனுக்கு ஆகாது.

கேள்வி: மாலத்தீவுக் கடல் கண்ணாடி, ஈஸ்ட் கோஸ்ட் கடல் கலங்கல். நம் கடலில் உயிரே இருக்காதா?
– வாசகி, பிடோக்

பதில்: நடுக்கடலின் தெளிந்த நீலம் பெரும்பாலும் பசியின் நிறம். வெப்ப மண்டலத்தில் சூடான மேல்நீர் லேசானது, மூடிபோல மிதக்கும். சத்து நிறைந்த குளிர்நீர் அடியிலேயே தங்கிவிடும். பெரு நாட்டுக் கரையோரம் காற்று மேல்நீரைத் தள்ளிவிடுவதால் அடிநீர் எழுகிறது, நெத்திலி கோடிக்கணக்கில் பெருகுகிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் அந்த எழுச்சி தளரும், மீன்பாடும் சரியும்.

நம் கடலைக் கலக்குவது வண்டல். ஆழத்துக்கு ஒளி போகாததால் பவளங்கள் மேல்மட்டச் சில மீட்டருக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு வாழ்கின்றன. அப்படியும் 250க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. அவற்றுக்குப் பெரிய ஆபத்து சூடு. ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் சராசரியைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே, உள்ளே குடியிருந்து உணவூட்டும் பாசியைப் பவளம் வெளியேற்றி வெளுத்துவிடும். 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் இங்கே நடந்தது அதுதான். வெளுத்தது செத்ததாகாது, நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பும். வற்று நேரத்தில் தீவுக் கரைகளில் இறங்குபவர்கள் வெள்ளையாகத் தெரிவதைக் கல் என்று நினைத்து மிதித்துவிட வேண்டாம்.