நாமளே எழுதின செஸ் எஞ்சினுக்கு (செஸ் ஆடற ப்ரோக்ராம்) பொசிஷனல் அறிவு, அதாவது காய்கள் நிக்கிற அமைப்பு நல்லதா கெட்டதானு புரியற அறிவு, இருக்கானு எப்படி டெஸ்ட் பண்றது?

டெஸ்ட் பொசிஷன் (பாதி ஆட்டத்தைக் குடுத்து சரியான மூவ் கேக்கறது) போட்டுப் பார்த்து நல்ல மார்க் வந்திருக்கும், அதான் கேக்கறீங்கனு நினைக்கிறேன். அந்த மார்க்கை மட்டும் நம்பாதீங்க. நான் நம்பி ரெண்டு மாசம் வீணாப் போச்சு.

ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி ராத்திரி உக்காந்து எழுதின எஞ்சின் என்னோடது. ப்ராட்கோ, கோபெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1982ல வெளியிட்ட டெஸ்ட் ஒண்ணு இருக்கு, மொத்தம் 24 பொசிஷன், பாதி டாக்டிக்ஸ் (உடனே லாபம் தர்ற அடி), மீதி பாதி பான், அதாவது சிப்பாயைத் தள்ளி எதிராளி அமைப்பை உடைக்கிற மாதிரி மூவ். என்னோடது 17 சரியாப் போட்டுச்சு, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதுல ரெண்டாவது பொசிஷனை எடுத்துக்கோங்க. நாம வெள்ளை. கறுப்போட ரெண்டு ரூக்கும் (யானை) டி6, டி8ல நின்னு நம்ம டி4 பானைக் குறி வெச்சிருக்கும். பதில் டி5. பானை சும்மா குடுக்கறோம். சி6 பான் வெட்டினா உடனே இ5, டி6 ரூக்குக்கு அடி, அது டி7க்குத்தான் ஓட முடியும், நம்ம குதிரை பி3ல இருந்து டி4ல வந்து உக்காந்துடும். இப்ப ரெண்டு ரூக்கும் தன்னோட சொந்த பானுக்குப் பின்னாடியே மாட்டிக்கிச்சு, சி ஃபைல் (சி நெடுவரிசை) முழுசா நம்மளது. என் எஞ்சின் இந்த டி5ஐ நாலு செகண்ட்ல போட்டுச்சுங்க!

ஆனா கேம் ஆட விட்டா சம்பந்தமே இல்லாம பானா தள்ளித் தள்ளித் தோத்துட்டே இருந்துச்சு. ஒரு நாள் சும்மா அந்த டி6 ரூக்கை டி7க்கு மாத்தி வெச்சுப் பார்த்தேன். இப்ப டி5 தப்பு, ஏன்னா இ5 வந்தாலும் அடிக்க அங்க ரூக் இல்ல, கறுப்பு டி4னு தள்ளிட்டா குதிரை உக்கார இடமும் போச்சு. என்னோடது அப்பவும் டி5 தான். ப்ரோக்ராமைத் திறந்து நோண்டினா அஞ்சாவது வரிசைக்குப் போன பானுக்கு 6 சென்டிபான் (ஒரு பான்ல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்டிபான்) போனஸ் குடுக்க வேண்டிய இடத்துல 60 போட்டு வெச்சிருக்கேன். புரிஞ்சு போட்ட மூவ் இல்ல அது, எங்க பான் கிடைச்சாலும் தள்ளியிருக்கும்.

அதனால இப்பல்லாம் ஜோடியாத்தான் டெஸ்ட் பண்றேன். மூவ் சரியா இருக்கிற பொசிஷன் ஒண்ணு, ஒரே ஒரு காயை நகர்த்தி அதே மூவ் தப்பாகிற பொசிஷன் ஒண்ணு. ரெண்டும் சரியா இருந்தாத்தான் ஒரு மார்க். 17 எடுத்தது இப்படிப் போட்டா 9 ஆச்சு, வலிக்கத்தான் செஞ்சுது.

பழைய டெஸ்ட், இப்ப இருக்கிற ஸ்டாக்ஃபிஷ் மாதிரி பெரிய எஞ்சினுக்கு இதெல்லாம் ஒரு மேட்டரானு யாராவது வருவீங்க. தெரியும். நான் சொல்றது கையால எழுதின எஞ்சினுக்கு. இன்னும் சொல்லப்போனா 2020ல ஸ்டாக்ஃபிஷ் 12 நியூரல் நெட்வொர்க்குக்கு (தானே கத்துக்கிட்ட நம்பர்களை வெச்சு பொசிஷனை எடை போடறது) வந்ததுக்கு அப்புறம் உள்ள திறந்து எந்த நம்பர் தப்புனு பார்க்கவும் வழியில்ல, வெளிய இருந்து இப்படி மாத்தி மாத்திக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். 1997ல ஐபிஎம்மோட டீப் ப்ளூ கம்ப்யூட்டர் ரெண்டாவது கேம்ல ராணியை உள்ள விட்டு பான் தின்னாம பிஷப்பை இ4ல வெச்சதுக்கு எதிர்ல ஆடின உலக சாம்பியன் காஸ்பரோவே ஆடிப்போனார், ஆனா அதே கேம்ல அவர் ரிசைன் பண்ண பொசிஷன்ல டிரா இருந்துச்சுனு அப்புறம் அலசினவங்க சொன்னாங்க. ஒரு மூவை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.

இதை எழுதும்போது இன்னொரு கோவமும் வருது. என் பொண்ணு செஸ் கிளாஸ்ல அவ ஆடின கேமை எஞ்சின்ல ஓட்டி, எஞ்சின் காட்டற மதிப்பு 0.3 இறங்கின இடத்துலெல்லாம் கேள்விக்குறி போட்டுக் குடுக்கறாங்க. மாசம் 3000 ரூபா ஃபீஸ். போன வாரம் குதிரையை எஃப்1 வழியா இ3க்கு கொண்டு வந்து டி5ல வைக்கலாம்னு பார்த்து ஆடியிருக்கா, பத்து வயசுக் குழந்தை. அதுக்கும் கேள்விக்குறி. ஏன்மா இப்படி ஆடினனு ஒரு வார்த்தை கேக்கல.