பொய்ரோவுக்கு எந்த மீசை? வாசகர் கேள்வி – பதில்

துப்பறியும் நாவலாசிரியை அகதா கிறிஸ்டியின் 'செவன் டயல்ஸ்' 2026 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸில் மூன்று பாகத் தொடராக வந்தது. அதன் நடிகர் பட்டியல் பற்றித் தொடங்கிய வாதம், கிறிஸ்டியின் புகழ்பெற்ற துப்பறிவாளர்களான பொய்ரோ, மிஸ் மார்ப்பிள் வேடங்களில் முன்பு நடித்தவர்கள் வரை போய்விட்டது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். எந்த நாவலின் கொலையாளியையும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

நாவலில் துப்பறியும் கதாநாயகி பண்டிலின் அப்பா லார்டு கேட்டரம். தொடரில் அவருக்குப் பதில் லேடி கேட்டரம் என்று ஹெலனா பான்ஹாம் கார்ட்டர். ஆணைப் பெண்ணாக்குவது அத்துமீறல் இல்லையா? (கோவை வாசகி)

ஆணா பெண்ணா என்பதை விட, அந்தப் பாத்திரம் கதையில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். 1929-ல் வந்த நாவலில் லார்டு கேட்டரம் எந்தத் தொந்தரவும் வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் பிரபு. மகள் காரை எடுத்துக்கொண்டு எங்கே போனாலும் தடுக்க மாட்டார். பண்டில் இஷ்டத்துக்குச் சுற்றித் துப்புத் துலக்க முடிவதற்கு அப்பாவின் அந்தச் சோம்பல்தான் வழிவிடுகிறது. அம்மா ஒதுங்கியிருந்தாலும் இந்த வேலை நடந்துவிடும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். ஹெலனா பான்ஹாம் கார்ட்டர் போன்ற நடிகையை நாலு வரி பேசி விட்டுப் போக யாரும் கூப்பிட மாட்டார்கள். 'பெற்றோர் பாத்திரம் நாவலில் இருப்பதை விடப் பெரிதாகப் போகிறது' என்பது பட்டியல் வந்த அன்றே தெரிந்த செய்தி. வாதம் செய்ய வேண்டிய இடம் அதுதான்.

அதே தொடரில் போலீஸ் சூப்பரின்டென்டன்ட் பேட்டிலாக மார்ட்டின் ஃப்ரீமன். பேட்டில் ஆஜானுபாகுவான ஆள் அல்லவா? (சேலம்)

ஆமாம். ஆனால் கதைக்குத் தேவை உடம்பு அல்ல, முகம். மரத்தில் செதுக்கியதுபோல் அசையாத முகம் என்றுதான் கிறிஸ்டி அவரைத் திரும்பத் திரும்ப வர்ணிக்கிறார். அவர் யாரைச் சந்தேகப்படுகிறார் என்று எதிரே இருப்பவருக்குப் பிடிபடக் கூடாது. குள்ளமான நடிகராலும் அது முடியும். முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும் ஆறடி நடிகரால் முடியாது.

புதிய பொய்ரோ அறிவிப்பு வந்தால் முதல் புகைப்படத்தில் எதைப் பார்ப்பது? எல்லோரும் மீசையைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். (திருநெல்வேலி)

மீசையைக் கடைசியில் பாருங்கள். முதல் நாவலான 'த மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' (1920) பொய்ரோவை ஒரே பத்தியில் அறிமுகப்படுத்திவிடுகிறது: உயரம் ஐந்தடி நாலங்குலம், முட்டை வடிவத் தலை, அது எப்போதும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், விறைப்பான ராணுவ மீசை. உடையில் ஒரு தூசி பட்டால் துப்பாக்கிக் குண்டு பட்டதை விட அதிகம் வலிக்கும் ஆள். போரால் இங்கிலாந்துக்கு அகதியாக வந்த ஓய்வுபெற்ற பெல்ஜியப் போலீஸ்காரர். கால் வேறு தாங்கித் தாங்கி நடக்கிறார்.

இவற்றில் கதை எவற்றின் மேல் ஓடுகிறது என்று பிரித்துப் பாருங்கள். சிறிய உருவம், வெளிநாட்டுக்காரர், அளவுக்கு மீறின அலங்காரம். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் ஆங்கிலேயர்கள் அவரை அலட்சியம் செய்கிறார்கள். அலட்சியம் செய்வதால்தான் வாயை விடுகிறார்கள். 'த்ரீ ஆக்ட் ட்ராஜெடி' முடிவில் பொய்ரோவே இதை ஒப்புக்கொள்கிறார்: ஆங்கிலம் நன்றாகப் பேச வரும், ஆனால் தட்டுத் தடுமாறிப் பேசினால் எதிராளி ஏளனமாக நினைத்து ஜாக்கிரதையை விட்டுவிடுகிறான் என்று. ஆகவே புகைப்படத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதர் கதவைத் தட்டினால் அந்த மாளிகையின் பட்லர் உள்ளுக்குள் சிரிப்பானா?

பீட்டர் உஸ்தினோவ் ('டெத் ஆன் த நைல்', 1978) உருவத்தில் பொய்ரோவே இல்லை, பெரிய உடம்பு. ஆனாலும் யாரும் அவரைக் கண்டு பயப்படவில்லை, அதனால் கதை ஓடியது. கென்னத் ப்ரானா ('மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்', 2017) இரண்டு அடுக்கு மீசையோடு வந்தார். சிக்கல் மீசையில் இல்லை. சந்தேக நபரைத் துரத்திக்கொண்டு பாலத்தின் மரச் சட்டங்கள் வழியே இறங்கி ஓடுகிறவரை யார் குறைத்து மதிப்பிடுவார்கள்? ஜான் மால்கோவிச் (பிபிசி, 'த ஏபிசி மர்டர்ஸ்', 2018) தாடியோடு வந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தத் தொடர் 1933-ன் இங்கிலாந்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் மேல் இருந்த வெறுப்பை அழுத்தமாகக் காட்டியது. பொய்ரோவின் குறும்பையும் பெருமிதத்தையும் கைவிட்டது. பாதி கிடைத்தது, பாதி போயிற்று என்பதுதான் எங்கள் கணக்கு.

தொலைக்காட்சித் தொடரில் பொய்ரோவாக நடித்த டேவிட் சூஷே ஏன் நிலைத்தார் என்பதற்கு அவர் எடுத்த குறிப்புகளே சாட்சி. நாவல்களைப் படித்துப் பொய்ரோவின் குணங்களை 93 குறிப்புகளாக எழுதி வைத்தார். முதல் குறிப்பு, 'பெல்ஜியர், பிரெஞ்சுக்காரர் அல்ல'. காபியில் எத்தனை சர்க்கரைக் கட்டி என்பது வரை அதில் உண்டு. உடம்புக்குப் பஞ்சுத் திண்டு கட்டினார்; குரலை நெஞ்சிலிருந்து தலைக்கு ஏற்றினார்; அடியைச் சின்னதாக வைத்து நடந்தார். 1989 ஜனவரி முதல் 2013 நவம்பர் வரை 70 எபிசோட்கள். அவ்வளவு காலத்திலும் அந்த நடை மாறவில்லை.

பொய்ரோவுக்கு வயது எத்தனை? 1974 'மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' படத்தில் 37 வயது ஆல்பர்ட் ஃபின்னியைப் போட்டது சரியா? (புதுச்சேரி)

வயதை வைத்துச் சண்டை போடாதீர்கள். 1920-லேயே ஓய்வு பெற்றவராக அறிமுகமானவர் 1970-கள் வரை துப்பறிந்தார். ஆரம்பத்திலேயே அவரை அவ்வளவு வயதானவராகப் படைத்தது தவறு, இப்போது நூறு வயதைத் தாண்டியிருப்பார் என்று கிறிஸ்டியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஃபின்னியின் நடிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. குறை சொன்னது மீசையை மட்டும்தான்: இங்கிலாந்திலேயே சிறந்த மீசை என்று எழுதியிருந்தேன், படத்தில் அது இல்லையே என்றார்.

நடிகர் பட்டியலைப் பார்த்தே கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறேன். சுவாரஸ்யமே போய்விடுகிறது. என்ன செய்வது? (மதுரை வாசகர்)

இது பலருக்கும் உள்ள அவதி. துப்பறியும் கதையில் சந்தேக நபர் ஒவ்வொருவருக்கும் விசாரணைக் காட்சி ஒன்று, நடுவில் சில வசனங்கள், அவ்வளவுதான் இடம். கடைசியில் முகமூடி கழன்று, மனம் உடைந்து பேசும் காட்சி கொலையாளிக்கு மட்டுமே. பெரிய நடிகர் கேட்பதும் அதைத்தான், தயாரிப்பாளர் பணம் கொடுப்பதும் அதற்குத்தான். அதனால் பெரிய பெயர், சின்ன வேடம் என்று எங்கே கண்டாலும் ரசிகர் மூக்கில் வியர்த்துவிடுகிறது.

இதற்குத் திரைக்காரர்கள் கண்ட சிறந்த மருந்து 1974-ன் 'மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்'. இயக்குநர் சிட்னி லூமெட் முதலில் பிடித்தது ஷான் கானரியை. அவர் வந்ததும் மற்ற நட்சத்திரங்கள் வரிசையாகச் சேர்ந்தார்கள். ரயில் பெட்டி முழுக்கப் பெரிய முகங்கள் என்றால் எந்த முகமும் தனியாகத் தெரியாது. விளம்பரத்திலும் அதே கவனம்: ஃபின்னி பெயருக்குப் பிறகு பேக்கால், பால்சம், பெர்க்மன், பிஸ்ஸெட் என்று தொடங்கி விட்மார்க், யார்க் வரை ஆங்கில அகர வரிசை. யார் முக்கியம் என்று பெயர் வரிசை காட்டிக்கொடுக்காது.

இங்க்ரிட் பெர்க்மனுக்கு லூமெட் கொடுக்க நினைத்தது ரஷ்ய இளவரசி வேடம். அவரோ கூச்ச சுபாவமுள்ள ஸ்வீடன் நாட்டு மிஷனரி கிரெட்டாவைக் கேட்டு வாங்கினார். அவருக்கு இருக்கும் பெரிய காட்சி ஒரே ஒரு விசாரணைதான். கேமராவை வெட்டாமல் ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஒரே ஷாட்டில் எடுத்தார்கள். அதற்கே துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. பெரிய நடிகை சின்ன வேடம் ஏற்றால் அதற்குக் கொலைதான் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டிய தேர்வு அது.

நாவலைப் படிக்காதவர்கள் செய்ய வேண்டியது: துப்பறிவாளர், இயக்குநர், திரைக்கதை ஆசிரியர் பெயரோடு செய்தியை மூடிவிடுங்கள். மூன்று பாகத் தொடராக இருந்தால் திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி பக்கத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். நடிகர் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை எபிசோட் என்று எண் போட்டிருப்பார்கள். '1' என்று இருப்பவர் சீக்கிரம் போய்ச் சேர்கிறார், '3' என்று இருப்பவர் கடைசி வரை இருக்கிறார் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். 'அண்ட் தென் தேர் வேர் நன்' மாதிரி ஒவ்வொருவராகச் சாகும் கதையில் அதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

பாத்திரங்களின் பெயர் நாவலில் இருப்பதுபோல் இல்லாவிட்டால் என்ன அர்த்தம்? (தஞ்சாவூர்)

நடிகர் பட்டியலில் அதிகம் பேசுவது இந்தப் பகுதிதான், பலர் கவனிப்பதில்லை. நாவலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தாளில் இடப்பக்கம் நாவல் பெயர்கள், வலப்பக்கம் அறிவிப்பில் வந்த பெயர்கள் என்று எழுதுங்கள். இடப்பக்கம் தனியாக நிற்பவர் நீக்கப்பட்டவர் அல்லது இன்னொருவரோடு சேர்க்கப்பட்டவர். வலப்பக்கம் தனியாக நிற்பவர் புதியவர்.

2017 ஓரியன்ட் எக்ஸ்பிரஸுக்கு இப்படிச் செய்தால், கிரெட்டா இடத்தில் பிலார் எஸ்ட்ராவடோஸ் என்று பெனலோப்பி குரூஸ் வருவார். பெயர் 'ஹெர்க்யூல் பொய்ரோஸ் கிறிஸ்மஸ்' நாவலிலிருந்து எடுத்தது, பாதிப்பு அதிகமில்லை. பெரிய மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. நாவலில் கர்னல் அர்பத்நாட் ஒரு பயணி, சந்தேக நபர். டாக்டர் கான்ஸ்டன்டைன் வேறு பெட்டியில் இருந்தவர், எந்தச் சம்பந்தமும் இல்லாதவர். படத்தில் இருவரையும் ஒன்றாக்கி டாக்டர் அர்பத்நாட் என்று லெஸ்லி ஓடம் ஜூனியரைப் போட்டார்கள். பிணத்தைப் பரிசோதித்துச் சொல்பவரே சந்தேக நபர் என்று ஆகிவிட்டது. நாவலில் காயங்களைப் பற்றி டாக்டர் சொல்வதை நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், படத்தில் முடியாது. ஒரு நடிகரின் சம்பளம் மிச்சமாகியிருக்கலாம், ஆனால் பொய்ரோவின் காலுக்குக் கீழே இருந்த ஒரே உறுதியான தரை போய்விட்டது. எங்களுக்கு இது மீசையை விடப் பெரிய குறை.

2022 'டெத் ஆன் த நைல்' படத்தில் அலி ஃபஸல் நடித்த ஆண்ட்ரூ கச்சடூரியன், நாவலின் ஆண்ட்ரூ பென்னிங்டன்தான். மணப்பெண்ணின் சொத்தைக் கவனிக்கும் அமெரிக்க அறங்காவலர், படத்தில் அவளுடைய உறவினராக ஆனார். பண விவகாரம் அப்படியே இருந்தது. இது சேதமில்லாத மாற்றம்.

'மர்டர் இஸ் ஈஸி' தொடரில் (பிபிசி, 2023) கதாநாயகன் லூக் நைஜீரியர். கிறிஸ்டி அப்படி எழுதவில்லையே? (சென்னை)

எழுதவில்லை. 1939 நாவலின் லூக் ஃபிட்ஸ்வில்லியம் கீழை நாட்டுக் காலனியில் போலீஸ் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பும் ஆங்கிலேயர். தெரியாத கிராமத்துக்குள் வெளியாளாக நுழைவதுதான் அவர் வேலை. தொடர் கதையை 1954-க்கு நகர்த்தி டேவிட் ஜான்சனை நடிக்க வைத்தது. வெளியாள் என்ற நிலை குறையவில்லை, கூடியது. இந்த நாவலுக்கு அது பொருந்துகிறது. எல்லா நாவலுக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. வேடம் வேடமாகப் பார்க்க வேண்டும்.

மிஸ் மார்ப்பிள் யார்? மார்கரெட் ரூதர்ஃபோர்டா, ஜோன் ஹிக்ஸனா? வீட்டில் தினமும் வாதம். (ஈரோடு)

ஹிக்ஸன். ரூதர்ஃபோர்ட் 1961 முதல் 1964 வரை நாலு படங்களில் நடித்தார். பார்க்க ஆனந்தமாக இருக்கும். ஆனால் அவர் அறைக்குள் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மிஸ் மார்ப்பிளை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. மூலையில் உட்கார்ந்து பின்னல் போடும் பாட்டி என்று நினைத்துப் போலீஸ்காரர் அவர் எதிரிலேயே பேசிவிட வேண்டும். கிறிஸ்டிக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் 1962 நாவலை ரூதர்ஃபோர்டுக்குச் சமர்ப்பித்தார், அந்தப் பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும். ஹிக்ஸனை 1940-களில் ஒரு நாடகத்தில் பார்த்துவிட்டு, என்றாவது நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று கடிதம் எழுதியதும் கிறிஸ்டிதான். அது 1984-ல் நடந்தது, ஹிக்ஸனுக்கு 78 வயதில். 1992-க்குள் 12 நாவல்களையும் முடித்தார்.

தமிழில் கிறிஸ்டி கதைக்குச் சரியான நடிகர் தேர்வு நடந்திருக்கிறதா? (காரைக்குடி)

'நடு இரவில்' (1970). எஸ். பாலசந்தர் 'அண்ட் தென் தேர் வேர் நன்' கதையைத் தழுவி எடுத்தது. மேஜர் சுந்தரராஜன், சௌகார் ஜானகி, பண்டரிபாய், பாலசந்தர் என்று குணச்சித்திரக்காரர்களால் நிரப்பினார். இந்தக் கதைக்கு அதுதான் சரியான வழி. சாகவே மாட்டார் என்று ரசிகர் நம்பும் ஹீரோ ஒருவர் உள்ளே இருந்தால் பயம் பாதியாகிவிடும். அதே நாவலின் சாயலில் வந்த இந்திப் படம் 'கும்நாம்' (1965) அந்த இடத்தில்தான் சறுக்கியது: மனோஜ் குமாருக்கு ஒன்றும் ஆகாது என்று முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும்.

நடிகர் அறிவிப்பு வந்ததும் நாவலைப் படிப்பதா, படம் வரும் வரை காத்திருப்பதா? (நாகர்கோவில்)

'த மர்டர் ஆஃப் ராஜர் அக்ராய்டு' (1926) என்றால் யார் நடித்தாலும் முதலில் படியுங்கள். அதன் சூழ்ச்சி எழுத்தில்தான் முழுதாக வேலை செய்யும். ஓரியன்ட் எக்ஸ்பிரஸையும் படித்துவிட்டே பாருங்கள். முடிவு தெரிந்து பார்த்தால் 1974 படத்தில் ஒவ்வொரு நடிகரும் என்ன மறைக்கிறார் என்று ரசிக்க முடியும். 'ஈவில் அண்டர் த சன்' படத்தை முதலில் பார்த்தால் நஷ்டமில்லை. 1982 படத்தில் உஸ்தினோவும் மேகி ஸ்மித்தும் இருக்கிறார்கள்.