நம் நாட்டிலேயே ஏழைகள் இருக்கும்போது வெளிநாடுகளுக்கு ஏன் உதவ வேண்டும்?

கேள்வி கேட்டவர் அமெரிக்க மாவு தின்னாத தலைமுறை என்று நினைக்கிறேன். நான் தின்றவன்.

1974-ல் நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊரில் மூன்றாம் வகுப்பு. மத்தியானம் அலுமினியத் தட்டோடு வரிசையில் நின்றால் மக்காச்சோள மாவுக் கஞ்சி ஒரு அகப்பை விழும். காமராசர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கி வைத்த எட்டயபுரம் அப்போது எங்கள் ஜில்லாதான். ஊரார் கொடுத்ததை வைத்து நடந்த திட்டத்தில் பிற்பாடு ‘கேர்’ என்ற அமெரிக்க அமைப்பின் மாவும் பால் பவுடரும் வந்து சேர்ந்தன. எங்களுக்குப் பால் பவுடர் மேல்தான் கண். ஆயா அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வோம். அண்ணத்தில் அப்பிக்கொள்ளும், வாத்தியார் வாய்ப்பாடு கேட்டால் நாக்கு புரளாது. காலிச் சாக்கில் ஆச்சி எனக்குப் புத்தகப்பை தைத்துத் தந்தாள். அதில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். ஒன்று காமராசர் கை என்று ஆறாம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

"அமெரிக்காக்காரன் மிஞ்சின தானியத்தைத் தள்ளிவிட்டான், அதில் அரசியல் இருந்தது" என்று கீழே வகுப்பெடுக்க வருபவர்களுக்கு: அந்தத் தானியத்தை அனுப்ப வழிசெய்த அமெரிக்கச் சட்டமான பி.எல். 480 பற்றி நானும் படித்திருக்கிறேன். நீங்கள் சொல்வது சரிதான். எங்கள் வீட்டில் மத்தியானம் உலை வைக்காத நாட்கள் இருந்ததும் சரிதான்.

2022-ல் இலங்கைக்குத் தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் மருந்தும் 500 டன் பால் பவுடரும் அனுப்பப்போவதாகச் செய்தி வந்தது. மக்களிடமும் நிதி கேட்டார்கள். பால் பவுடர் என்று வாசித்ததும் ஐயாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டேன். நான் எந்தக் கட்சியும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தானுக்கு விஷயம் தெரிந்து, "ஒனக்கு என்ன கிறுக்கா மாப்ள? நம்ம ஊர்ல கஷ்டப்படுதவன் இல்லியா? கவர்மெண்டுதான் அள்ளி விடுதுன்னா நீயுமா?" என்றார்.

அள்ளி விடுகிறதாம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல். வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்கியது சுமார் 5,500 கோடி. நூறு ரூபாய்க்குப் பதினோரு பைசா. அதிலும் பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி. அங்கே நம் பணத்தில் கட்டிய அணைகளிலிருந்து நமக்கு மின்சாரம் வருகிறது என்பது தனிக்கதை.

சரி, ஊர்க்காரனுக்குத்தானே முதலில்? 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறியபோது எங்கள் தெருவில் துணி திரட்டினோம். அத்தான் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. பிரித்தால் சாயம் போன ஜன்னல் திரை, ஒரு கை கிழிந்த ஜாக்கெட், ஜோடியில்லாத காலுறை. சேற்றில் நிற்கிறவனுக்குக் காலுறை! கொடுத்தால் எங்கள் தெரு மானம்தான் போகும் என்று மூட்டையைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டேன்.

இதே அத்தான் 2016-ல் நோட்டு செல்லாமல் போன சமயம், ஒரு வாரத்தில் தருகிறேன் என்று இருபதாயிரம் வாங்கினார். நானும் ஊர்க்காரன்தான். அவர் இந்தத் தளமெல்லாம் பார்க்க மாட்டார், அக்கா பார்ப்பாள். பார்க்கட்டும்.