ஓசி பிடிஎஃப்பின் விலை

கேள்வி: ஐடி செய்தித் தளம் ஒன்றில் ‘கிளவுட் செலவைக் குறைப்பது எப்படி’ என்று ஒரு ஒயிட்பேப்பர் (ஆய்வறிக்கை மாதிரி ஒரு பிடிஎஃப்) இலவசமாகக் கிடந்தது. கம்பெனி, பதவி, மொபைல் நம்பர் எல்லாம் போட்டு இறக்கினேன். மூன்று வாரமாக ஓயாமல் போன். எப்படி நிறுத்துவது? (சோழிங்கநல்லூர் வாசகர்)

பதில்: அந்த ஃபார்ம்தான் சார் பில். அதை நிரப்பிய நிமிடமே நீங்கள் ஒரு ‘லீட்’, அதாவது சரக்கு வாங்கக்கூடிய ஆள். சாஃப்ட்வேர் விற்கிற கம்பெனி லீடுக்கு இவ்வளவு என்று தளத்துக்குக் காசு கொடுக்கும். ‘உங்கள் ஆபீஸில் எத்தனை பேர்’, ‘ஆறு மாதத்துக்குள் வாங்கும் உத்தேசம் உண்டா’ என்றெல்லாம் எதற்குக் கேட்கிறார்கள், உங்கள் மேல் உள்ள அக்கறையிலா? வாங்குகிற அதிகாரம் உள்ள ஆளா என்று எடை போடுகிறார்கள். ஒருமுறை நான் இப்படி ஒரு ஃபார்மில் பதவி என்ற இடத்தில் விளையாட்டுக்கு ‘டைரக்டர்’ என்று போட்டுவிட்டேன், மறுநாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது போன் வந்து, உங்களிடம் எத்தனை சர்வர் இருக்கிறது என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரு வைஃபை ரவுட்டர். இத்தனைக்கும் நான் இறக்கிய அந்த ஒயிட்பேப்பரின் பன்னிரண்டு பக்கத்தில் ஒன்பது பக்கம் அவர்கள் சரக்கின் விளம்பரம். சரி, நிறுத்தும் வழி: தளம், விற்பவர் இருவருக்கும் சம்மதத்தை வாபஸ் வாங்குவதாக மெயில் போடுங்கள். 1909 என்ற எண்ணில் டிஎன்டி (விளம்பர அழைப்பு வேண்டாம்) பதிவு செய்யுங்கள். அடுத்த தடவை வேறு மெயில் ஐடி கொடுங்கள்.

கேள்வி: முதல் மாதம் 99 ரூபாய் என்றதால் ஒரு டெக் செய்தித் தளத்தில் சேர்ந்தேன். இரண்டாம் மாதம் 2,400 ரூபாய் பிடித்துவிட்டார்கள். விலக பட்டனே இல்லை, மெயிலுக்குப் பதிலும் இல்லை.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. சேர ஒரு தட்டு, விலக ஒன்பது வாசல் என்றால் அது சந்தாப் பொறி. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (வாடிக்கையாளரை ஏமாற்றும் தள வடிவமைப்பு) வழிகாட்டுதலில் சொன்ன 13 தில்லுமுல்லுகளில் அதுவும் ஒன்று. முதலில் பேங்க் ஆப்பிலோ யுபிஐ ஆட்டோபேயிலோ போய் மேண்டேட்டை (தானாகப் பணம் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதியை) ரத்து செய்யுங்கள். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வந்திருக்க வேண்டும், ரிசர்வ் வங்கி விதி அது. வரவில்லை என்றால் பேங்க்கைக் கேளுங்கள். அப்புறம் ஸ்கிரீன்ஷாட்டோடு 1915 நுகர்வோர் உதவி எண். நானும் இப்படி ஒன்றுக்கு இரண்டு வருஷம் கட்டினேன். படித்தது நாலு கட்டுரை, அதில் ஒன்று வேறு இடத்தில் ஏற்கெனவே ஓசியில் படித்தது.

கேள்வி: ஐடி வேலைக்காரன் காசு கட்டித்தான் செய்தி படிக்கணுமா?

பதில்: வேண்டாம். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கையும், சாஃப்ட்வேர் ஓட்டைகளுக்கு எண் போட்டு வைக்கும் சிவிஇ பட்டியலும் இலவசம். லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் ஆட்களுக்கான எல்டபிள்யூஎன் செய்தித் தளத்தில்கூட ஒன்றிரண்டு வாரம் பொறுத்தால் சந்தாக் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்துவிடும்.

கேள்வி: ‘சிறந்த 10 லேப்டாப்’ கட்டுரையில் முதலிடத்தில் இருந்ததை 78,000 கொடுத்து வாங்கினேன். பேட்டரி மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை. தளத்தின் மேல் கேஸ் போடலாமா?

பதில்: கத்திரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். ‘இந்த லிங்க்கில் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன்’ என்று கட்டுரையின் தலையிலேயே பொடி எழுத்தில் இருந்திருக்குமே, படித்தீர்களா? எழுதியவர் அந்த லேப்டாப்பைத் தொட்டாரா என்றாவது பார்த்தீர்களா? பெரிய பெயர் என்பதெல்லாம் போதாது. சிநெட் என்ற பெரிய டெக் தளம் ஏஐ-யை வைத்து எழுதிய 77 கட்டுரைகளில் 41-க்கு 2023-ல் திருத்தம் போட வேண்டி வந்தது. 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஒரு வருஷத்தில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று அதில் ஒன்று கணக்குச் சொன்னது. வட்டி 300-தான் ஐயா! கேஸை விடுங்கள், வாரண்டி கார்டோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் பாகங்களை அலசி எழுதிய ஆனந்த்டெக் தளம் மாதிரி இனி எங்கே படிப்பது?

பதில்: 1997-ல் ஆரம்பித்து 2024 ஆகஸ்ட் 30-ல் மூடிவிட்டார்கள். எனக்கும் வருத்தம்தான். பேட்டரியைக்கூட அளந்து கிராஃப் போட்டவர்கள்.