கூச்சப்படும் மகளுக்குத் தன்னம்பிக்கை எப்படி வரும்?

பத்தாவது படிக்கும் மகள் நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே பயப்படுகிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘நீ கெட்டிக்காரி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதாது. தானே ஒரு வேலையைச் செய்து முடித்த அனுபவம்தான் தன்னம்பிக்கைக்கு வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதினார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகைச் சீட்டை என் மகள் கையில் கொடுத்தேன். முதல் நாள் ‘அரை கிலோ துவரம்பருப்பு’ என்றது கடைக்காரர் காதிலேயே விழவில்லை. நான் ஓரமாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதுதான் நமக்குக் கஷ்டம். மூன்றாம் மாதம், சில்லறை பத்து ரூபாய் குறைகிறது என்று அவளே கேட்டு வாங்கினாள்.

அப்புறம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதைக் கூச்சம் என்று விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.